உன் பரணில் கிடப்பது என் தாய்ப்பத்திரம்

பரம்பரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இந்த நாட்டில் சாதியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. 'எங்க பரம்பரையிலே' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். கோத்திரம் வரும், கோயிலில் முதல் மரியாதை வரும், கொள்ளுத்தாத்தா மிட்டாதாராக இருந்தது வரும், கடைசியாக ஒரு தேக்கு ஊஞ்சல் வரும். இப்போது இதற்கு ஒரு புதுப் பெயர் கிடைத்திருக்கிறது: வேர்களைத் தேடுதல். குடும்ப மரம் வரைந்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டுகிறார்கள். வெற்றிலைப் பெட்டிக்குக் கண்ணாடிப் பேழை. மாட்டிக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டுச் சுவர், அவர்கள் ஆணி.

நமக்கும் இதே கேள்வி வருகிறது. ஆனால் வேறு குரலில் வருகிறது. தாம்பரம் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போன ஒவ்வொரு தலித்தும் கேட்டிருக்கிற கேள்விதான்: 'உங்களுக்குப் பூர்வீகம் எது சார்?' ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது. 'அங்க எந்தப் பக்கம்?' என்பான். ஊரா காலனியா என்பதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு அது போதும். நம்முடைய குடும்ப வரலாற்றில் அவனுக்கு இருக்கிற அக்கறை அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, மூதாதையர் விட்டுப்போன பொருட்களைப் போற்றிப் பாதுகாப்பது என்ற விஷயத்தைப் 'பாட்டி நினைவு' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை. இது சொத்து விவகாரம். எவன் வீட்டு நினைவுப்பொருள் சட்டமானது, எவன் வீட்டு நினைவுப்பொருள் குப்பையானது என்கிற விவகாரம்.

நம்முடைய செங்கல்பட்டுச் சீமையையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் வந்து 'இந்த நிலம் யாருடையது?' என்று கேட்டான். மிராசுதார்கள் பெட்டியைத் திறந்தார்கள். ஓலை, செப்பேடு, கல்வெட்டுப் படி, கிரயச் சீட்டு எல்லாம் வந்தது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில் 1818இல் அச்சானது. காணியாட்சி என்பது பரம்பரை உரிமை என்று அதில் நிலைநாட்டப்பட்டது. அவர்களுடைய பரண் அப்படித்தான் சட்டப்புத்தகத்துக்குள் ஏறியது. அந்தக் காணியாட்சிக்குள் அடங்கியவை நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு மட்டுமல்ல. நம் சேரி நத்தமும், நாம் குடிசை போட்டிருந்த தரையும், அந்த நிலத்தில் உழைத்த நாமும் அதற்குள்தான் கணக்கில் சேர்ந்தோம். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தைக் கோர்ட்டு இனி அங்கீகரிக்காது என்று சொன்ன பிறகும், குடிசையின் தரை மிராசுதாருடையது என்பதால் 'எழுந்து போ' என்கிற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அடிமைச்சீட்டு கோர்ட்டில் செத்துப்போனது. தரை உயிரோடு இருந்தது.

இன்னும் பின்னால் போனாலும் கதை இதுதான். ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைத் தமிழினப் பெருமை என்று கொண்டாடுகிறார்கள். அதிலே வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலைப் படியுங்கள். ஊர் நத்தம், பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்மைப் பற்றி அரசன் கல்லில் வெட்டியது அவ்வளவுதான். வாழ்ந்த மனிதர் ஒருவருடைய பெயர் கிடையாது. சுடுகாட்டோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு துண்டு தரை. இதைத்தான் 'நம் முன்னோர் விட்டுச்சென்ற பொக்கிஷம்' என்று பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொல்கிறார்கள். யார் முன்னோர்? யாருக்குப் பொக்கிஷம்?

ஆனால் நம்மிடம் ஒன்றுமே இல்லாமல் இருந்ததா? இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் தம் குடும்பத்து வரலாறு ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடி துரை வழியாக எல்லிஸிடம் போய்ச் சேர்ந்தது, அங்கிருந்து அச்சுக்குப் போனது என்பது பண்டிதரின் பதிவு. இதே எல்லிஸ்தான். ஒரு கையில் மிராசுதாரின் ஓலை, இன்னொரு கையில் கந்தப்பன் வீட்டு ஓலை. மிராசுதார் கொடுத்த ஓலைக்குப் பதிலாக அவன் வம்சத்துக்கு உரிமை கிடைத்தது. கந்தப்பன் கொடுத்த ஓலைக்குப் பதிலாக என்ன கிடைத்தது? குறள் உலகப் பொதுமறை ஆனது. அதைப் பரணில் வைத்துக் காப்பாற்றிய வீட்டின் பெயரைத் தமிழ்ப் பேராசிரியர்கள் எத்தனை பேர் வகுப்பில் சொல்கிறார்கள்?

அந்தப் பண்டிதரின் எழுத்தும் எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள். 1907 முதல் 1914இல் இறக்கும்வரை 'தமிழன்' இதழை நடத்தினார். பல்கலைக்கழகங்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகள் நடத்திய சங்கங்களும், அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலையும், அன்பு பொன்னோவியம், தி.பெ. கமலநாதன் போன்ற தனிமனிதர்களின் வீட்டு அலமாரிகளும்தான் அவரைக் காப்பாற்றின. 1999இல் ஞான. அலாய்சியஸ் பெருந்தொகுப்பாகக் கொண்டுவந்தபோது அவர் இறந்து 85 வருஷம் ஆகியிருந்தது. அவ்வளவு காலமும் ஒரு பெரும் சிந்தனையாளனின் எழுத்தைக் கரையானிடமிருந்து காத்தது நம் வீட்டுப் பெட்டிகள். அங்கே யாரும் அதற்குக் கண்ணாடிப் பேழை செய்யவில்லை. எடுத்துப் படித்தார்கள், கைமாற்றினார்கள், திரும்ப அச்சடித்தார்கள். பாதுகாப்பது என்றால் அதுதான்.

இப்போது நம் வீட்டுத் தகரப்பொட்டிக்கு வருவோம். செங்கல்பட்டுப் பக்கத்து ஆயாக்களுக்கு ஒரு தகரப்பொட்டி உண்டு. மேலே பழைய சீலை, அடியில் காயிதம். கூலி அளந்த படி ஒன்று, பித்தளைச் சொம்பு ஒன்று இருக்கலாம். மிச்சமெல்லாம் காயிதம்தான். எழுத்துத் தெரியாத சனம் எதுக்குக் காயிதத்தைக் கட்டிக்காத்தது? என் ஆயா சொல்லும்: 'காணி போனாலும் போவட்டும், காயிதத்த வுட்றாதடா.' அந்தக் காயிதங்களைப் பிரித்துப் பாருங்கள். தீர்வை கட்டின ரசீது. லேபர் டிபார்ட்மென்டு குடுத்த வீட்டுமனைக்குத் தவணை கட்டின சீட்டு. பள்ளிக்கூடத்து டிசி. ரயில்வேயில் கேங்மேனாக இருந்த தாத்தாவின் அடையாள வில்லை. சில வீட்டில், மடிப்பு விட்டுப்போன ஒரு பட்டா.

அந்தப் பட்டா எங்கிருந்து வந்தது என்பது ஒவ்வொரு தலித் மாணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இந்தச் சீமைப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காணி கிடையாது, குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, கடன் சீட்டில் ஆளே அடகு, தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாரன் தடுக்கிறான் என்று அதிலே எழுதினார். அதன் பிறகு 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு வித்து. ஆபீசிலே டி.சி. நிலம் என்பார்கள். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம், மீறினால் அந்தக் கிரயம் செல்லாது என்பது நிபந்தனை. தமிழ்நாடு முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன.

அது எங்கே போனது? மகள் கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்காகப் போனது. பஞ்ச காலத்தில் ரெண்டு மூட்டை நெல்லுக்குப் போனது. வெற்று முத்திரைத்தாளில் வைத்த கைநாட்டிலே போனது. மிச்சம் இருந்தது 1980களில் யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப் போனது. 'அனுபவத்தில் இருப்பவர்' என்று எவனோ ஒருவன் பெயர் ஏறியது. நம் தாத்தன் பெயர் இறங்கியது. அப்போது காயிதத்தைக் காட்டியவன் தப்பித்தான். பெட்டியைத் திறக்காதவன் போனான்.

காரணையில் மக்கள் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை பிடுங்கப்பட்டது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். ஒரு பழைய பட்டாவை அரசு எவ்வளவு பெரிய ஆயுதமாகப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நம் ஆட்கள்தான் அதைப் பழைய காயிதம் என்கிறார்கள்.

நான் வங்கியிலே குமாஸ்தா. வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர்களிடம் தினமும் கேட்கப்படுகிற ஒன்று தாய்ப்பத்திரம். இந்த மனை உனக்கு யாரிடமிருந்து வந்தது, அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டும். வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அருமையான தமிழ்ச் சொல் அது, தாய்ப்பத்திரம். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல் எல்லாம் ஏரிப் பாசனத்து ஊர்கள். என் தகப்பன் காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இன்று நகர், அவென்யூ, என்கிளேவ். 2021இல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சதுர அடி விலை ஏறிவிட்டது. இந்த மனைகளுக்கெல்லாம் தாய்ப்பத்திரம் பக்காவாக இருக்கும். நான் கேட்பது அந்தத் தாய்க்குத் தாய் யார் என்பது. முப்பது வருஷ வில்லங்கத்தில் வராத வில்லங்கம் ஒன்று இருக்கிறது. அது நூற்றுமுப்பது வருஷத்து வில்லங்கம். அதைப் போட்டுப் பார்க்கிற ஆபீஸ் இன்னும் திறக்கப்படவில்லை. அந்தச் சீமையின் வரப்பை வெட்டியவள், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவள் எந்தப் பத்திரத்தில் இருக்கிறாள்?

வெளியே கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் குடும்பத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால் 1870இல் ஒரு சுவர் வந்து நிற்கும் என்பார்கள். அந்த வருஷத்துக் குடிக்கணக்கில்தான் எல்லாக் கறுப்பருடைய பெயரும் முதன்முதலாக எழுதப்பட்டது. 1850, 1860ஆம் ஆண்டு அடிமைப் பட்டியல்களில் எசமானன் பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, ஆணா பெண்ணா, நிறம் மட்டும் இருக்கும். ஆகவே அந்தச் சுவரைத் தாண்ட வேண்டுமானால் எசமானன் வீட்டு உயிலையும் கணக்குப் புத்தகத்தையும்தான் புரட்ட வேண்டும். அவர்கள் புரட்டினார்கள். தன் பாட்டியின் பெயரை மாடு, கலப்பை, பீப்பாய் என்ற வரிசையில் கண்டுபிடித்தார்கள். அழுதுவிட்டு, அடுத்த பக்கத்தையும் புரட்டினார்கள்.

நமக்கும் அதுதான் பாதை. நம் சீமையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களை எண்ணிப் பாருங்கள். 1860இல் தொடங்கி 1911வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அந்தக் கப்பல்களில் ஏறினார்கள். அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலே தழும்பு. சாதிக் கட்டத்தில் 'பறையா' என்று எழுதினான். டர்பனில் இருக்கிற பேரன் இன்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டுக் கிராமத்துக்கு வழி கேட்க முடிகிறது. ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் பேரனுக்கு அந்த எண்கூடக் கிடையாது. ஏனென்றால் இங்கே நம்மைப் பெயர் சொல்லி எழுதவேண்டிய தேவை எவனுக்கும் இருக்கவில்லை. எழுதியவனும் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். ஆளை விற்ற ஓலை, பண்ணையாள் கடன் கணக்கு, களத்துமேட்டுக் கூலிக் கணக்கு எல்லாம் மிராசு வீட்டுப் பரணில் கிடக்கிறது. அவன் குடும்பத்துக்கு அது அழகான பழம்பொருள். எனக்கு அதுதான் தாய்ப்பத்திரம். குடும்ப வரலாறு எழுதுகிற கனவான்களே, உங்கள் தாத்தாவின் குதிரைவண்டியைப் பற்றி எழுதும்போது, குதிரைக்குப் புல் அறுத்தவளின் பெயர் இருக்கிற கணக்கு நோட்டையும் வெளியே எடுங்கள். அதை எரித்துவிட்டு எழுதுகிற வரலாறு திருட்டு வரலாறு.

எதிரியைத் திட்டிவிட்டு எழுந்துபோக இது மேடை அல்ல. நம் வீட்டுக்குள்ளும் ரெண்டு வியாதி இருக்கிறது.

ஒன்று வெட்கம். படித்து, வேலை கிடைத்து, காலனியை விட்டு ஃபிளாட்டுக்கு வருகிறவன் முதலில் கழிப்பது தகரப்பொட்டியைத்தான். பறையை யாருக்காவது கொடுத்துவிடுவான். ஆயாவின் பேச்சைப் பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வான். 'பழசைக் கிளறாத' என்பான். பழசைக் கிளறாமல் இருப்பதற்காக அந்தப் பக்கம் எவ்வளவு கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. வெட்கப்படவேண்டியவன் கூலியைக் குறைத்து அளந்தவன். அந்தப் படி உன் வீட்டில் இருந்தால் அது அவன் குற்றத்துக்கு அளவு.

இரண்டாவது வியாதி ராஜா வேஷம். 'நாங்களும் ஒரு காலத்தில் ஆண்ட பரம்பரை' என்று சுவரொட்டி அடிக்கிறோம். எல்லாச் சாதியும் ஆண்ட பரம்பரை என்றால் ஆளப்பட்டது யார்? வயலில் செத்தது யார்? கொடுங்கோலனைத் தாத்தனாகத் தத்தெடுத்து எனக்கு என்ன மரியாதை? பண்டிதரும் பழமையைத் தேடினார். ஆனால் அவர் தேடியது சிம்மாசனமில்லை, ஏடும் அறமும். இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 1939இல் தம் சீவிய சரித்திரத்தை எழுதி அச்சிட்டார். 'பறையன்' என்றே 1893இல் பத்திரிகை நடத்தியவர் அவர். கிரீடம் எதையும் கடன் வாங்காமல் அந்தப் பெயரோடு லண்டன் வட்டமேசைக்குப் போனார். அப்படிப்பட்ட தாத்தன் போதும் எனக்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குடும்ப மரம் என்று நாம் வரைவதும் அப்பன், தாத்தன், பூட்டன் என்று ஆண்களாகவே ஏறுகிறது. பட்டா அவன் பெயரில் இருந்ததால் வரலாறும் அவன் பெயருக்கா? எந்த வயலுக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றில் தண்ணி எடுக்கக்கூடாது, எந்த வருஷம் எந்த வீடு கொளுத்தப்பட்டது என்பதெல்லாம் பெண்கள் வாயிலேதான் இருக்கிறது. நாற்று நட்டவளுக்குத்தான் வயலின் பெயர் தெரியும். அவள் செத்தால் ஒரு சர்வே எண்ணுக்கான சாட்சி செத்தது.

மாணவத் தோழர்களுக்கு, வெறும் கோபத்தோடு நிறுத்தாமல் வேலையும் சொல்கிறேன். இந்த விடுமுறையில் ஊருக்குப் போங்கள். பொட்டியைத் திறந்து ஒவ்வொரு காயிதத்தையும் படம் எடுங்கள். பின்னால் யார் கொடுத்தது, எப்போது என்று தனித்தாளில் எழுதுங்கள். லேமினேட் மட்டும் பண்ணாதீர்கள். சூட்டிலும் பசையிலும் பழைய தாள் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. சுத்தமான துணியில் சுற்றி, பூச்சிக்கு வசம்பு போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஆயாவை உட்கார வைத்து வயல் பெயர்களைப் பதிவு செய்யுங்கள். பிறகு தாலுகா ஆபீசுக்குப் போங்கள். இன்றைய சிட்டாவோடு திரும்பிவிடாதீர்கள். 'அ' பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு, மறு நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்துக் காட்டும் ஒப்பீடு, பைமாஷ் எண் எல்லாம் கேளுங்கள். 'இல்ல தம்பி, செல்லரிச்சிடுச்சி' என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்திருக்கிறது. 'இல்லை' என்பதையும் எழுத்திலே வாங்குங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்து நடவடிக்கைகள் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். ரயில்வே, பட்டாளம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு. 1922க்கு முன்னால் பறையர், பஞ்சமர் என்று இருக்கும். அந்த வருஷ அரசாணைக்குப் பிறகு ஆதிதிராவிடர் என்று மாறும். இதைத் தெரியாமல் தேடினால் பாதியில் தாத்தனைத் தொலைத்துவிடுவீர்கள்.

ஒரு வீடு தேடினால் அது குடும்பக் கதை. ஒரு சேரி முழுக்கத் தேடினால் அது வழக்கு. தலித்தின் நிலத்தைப் பறிப்பதைக் குற்றம் என்று 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சாட்சி கேட்கும். சாட்சி ஆயாவின் சீலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது. அரசே, டி.சி. நிலப் பதிவேடுகளைக் கிராமவாரியாக வெளியிடு. மிராசு வீடுகளே, பரணை இறக்குங்கள். தோழர்களே, அவர்கள் இறக்குகிறவரை காத்திருக்க வேண்டாம். நம் பொட்டியின் பூட்டு நம் கையில்தான் இருக்கிறது.